வீட்டுக்கொரு ஏடு: மன்னார்த் தீவு முஸ்லிம்களின் குடும்ப வரலாறு

(ஜமாஅத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

நமது ஊரின் வரலாற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு பரிபாலன சபையினர் என்னைப் பணித்தார்கள். நான் வரலாற்றாசிரியன் அல்லன். பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆகவே மன்னர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் விரித்துரைக்க நான் முன்வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்ற, ஆனால் எழுதப்படாதிருக்கின்ற வரலாற்றைப் பற்றியும், அதை எழுதிவைக்க நமக்கு இன்னும் எவ்வளவு காலம் எஞ்சியிருக்கிறது என்பது பற்றியுமே பேச விரும்புகின்றேன்.

புத்தளத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிடம் ஊர் எது என்று கேட்டால் எருக்கலம்பிட்டி என்கிறார்கள், தாராபுரம் என்கிறார்கள், உப்புக்குளம், கரிசல், புதுக்குடியிருப்பு, தலைமன்னார் என்கிறார்கள். அவர்களுள் பலர் அந்த ஊர்களில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. உம்மாவும் வாப்பாவும் சொன்னதைச் சொல்கிறார்கள். அடுத்த கேள்வியாக, அங்கே உங்கள் வளவு எங்கே இருந்தது, உங்கள் பாட்டனாரின் வாப்பா யார் என்று கேட்டால் பதில் இல்லை. இதில் பிள்ளைகளின் குற்றம் ஒன்றுமில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

தீவின் கதை

முதலில் தீவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இராமேசுவரத்தை நோக்கி நீண்டு கிடப்பது மன்னார்த் தீவு. பனையும் மணலும் உப்புக்காற்றும் நிறைந்த பூமி. அரபு வணிகர்களின் மரக்கலங்கள் இந்தக் கடல்வழியே நெடுங்காலம் வந்து சென்றன. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்க மண்ணுக்குரியது. அரபு வணிகர்களே அதன் விதையை இங்கு கொண்டு வந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. தீவின் தெருக்களில் திரியும் கழுதைகளைப் பற்றியும் அவ்வாறே சொல்வார்கள். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்து இதே புத்தளக் கரையில் இறங்கினார். அங்கு அவர் சந்தித்த ஆரியச் சக்கரவர்த்தியிடம் இருந்த முத்துக்களைப் பற்றித் தம் பயண நூலில் குறிப்பிட்டுள்ளார். மன்னார் வளைகுடாவின் முத்துப்படுக்கைகள் அக்காலத்திலேயே உலகறிந்தவையாக இருந்தன.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1626இல் அவர்கள் தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேறுமாறு கட்டளையிட்டனர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, அவர்களுள் பெருந்தொகையினரைக் கிழக்கில் குடியேற்றினான். ஊரை விட்டுப் போகச் சொல்லும் கட்டளை இந்நாட்டு முஸ்லிம்களுக்கு 1990இல்தான் முதன்முதலாக வந்ததென்று நாம் எண்ணிவிடக் கூடாது. 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர்.

ஆங்கிலேயர் காலத்தில் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அதனை மேற்பார்வை செய்வதற்காக அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடுகளைக் கடல் இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. கீழக்கரை, தொண்டி, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் முஸ்லிம்களும், பாரசீக வளைகுடாவின் அரபியரும் குளியாட்களாக வந்தனர். 1905ஆம் ஆண்டின் குளிப்பு மிகப் பெரியது. மறு ஆண்டிலேயே முத்துப்படுக்கைகள் ஓர் ஆங்கிலேயக் கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளில் அத்தொழில் நலிந்துபோயிற்று.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கொழும்பிலிருந்து தலைமன்னார் வரை புகைவண்டி வந்தது. அக்கரையில் பெண் எடுத்தவர்களும் அக்கரைக்குப் பெண் கொடுத்தவர்களும் நம்மில் இருந்தார்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. நமது தீவையும் அது சும்மா விடவில்லை. அதன் பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடி, 1980களில் நாட்டின் கலவரச் சூழலில் நின்றுபோயிற்று.

இவையெல்லாம் நூல்களில் உள்ளவை. யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த முத்துக்குளிப்பில் உங்கள் பூட்டனார் குளியாளாக இருந்தாரா, தோணிக்காரராக இருந்தாரா, கரையில் கடை வைத்திருந்தாரா என்பது எந்த நூலிலும் இல்லை. அந்தப் புயலிரவில் உங்கள் உம்மும்மா எந்த வீட்டில் ஒதுங்கினார் என்பது எந்த நூலிலும் இல்லை. அது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், உங்கள் வீட்டிலுள்ள வயது முதிர்ந்த ஒருவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

பையில் இடம் கிடைத்தவை

1990 ஒக்டோபரின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தனர். அந்நாட்களை இங்கே மீண்டும் விவரித்து மூத்தவர்களின் மனத்தைப் புண்படுத்த நான் விரும்பவில்லை. தீவு மக்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதையும், எதை எடுத்துச் செல்லலாம் எதை எடுத்துச் செல்லக்கூடாது என்பதைப் பிறர் தீர்மானித்தார்கள் என்பதையும் மட்டும் நினைவூட்டுகின்றேன்.

அந்தச் சில மணி நேரத்தில் பைக்குள் எதை வைப்பது? குழந்தைக்கு உடுப்பு வைத்தோம். கொஞ்சம் அரிசி வைத்தோம். சிலர் குர்ஆனை வைத்தார்கள். காணி உறுதியை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. நாலு நாளில் திரும்பிவிடுவோம் என்று நம்பி அலுமாரியைப் பூட்டிச் சாவியை மட்டும் எடுத்துவந்தவர்களும் உண்டு. சாவி இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. அலுமாரியும் இல்லை, வீடும் இல்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் போயின. திருமணப் படங்கள் போயின. கணக்குப் புத்தகங்கள் போயின.

என் உம்மாவின் வாப்பா ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தார். அது தப்பிவந்தது. தப்பிவந்ததற்கு யாருடைய முன்யோசனையும் காரணமன்று. உம்மும்மா தமது வெற்றிலைப் பெட்டியின் அடியில் அதை வைத்திருந்தார். பெட்டியோடு அதுவும் வந்தது. அவர் மௌத்தான பின்னர் 1998இல் பெட்டியைத் துப்புரவு செய்தபோதுதான் கண்டெடுத்தோம். திறந்து பார்த்தால் எல்லாம் அரபு எழுத்து. ஏதோ துஆக்கள் என்று எண்ணி மரியாதையாக முத்தமிட்டு மூடிவைத்துவிட்டோம். சில ஆண்டுகளுக்குப் பின்னர் வயது முதிர்ந்த ஓர் ஆலிம் வீட்டுக்கு வந்தபோது அதைக் காட்டினோம். அவர் ஓரிரு வரி படித்துவிட்டுச் சிரித்தார். அது துஆ அன்று, அரபுத் தமிழ். அரபு எழுத்துக்களோடு தமிழ் ஒலிகளுக்கென மேலும் சில எழுத்துக்களைச் சேர்த்துத் தமிழை எழுதும் முறை அது. கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியார்கள் 19ஆம் நூற்றாண்டில் நூல்களே இயற்றிய எழுத்து. நமது பாட்டிமார் தமிழ் நெடுங்கணக்கை அறியாதிருந்தும் அரபுத் தமிழில் கடிதம் எழுதினார்கள். இரண்டே தலைமுறையில் நாம் அதை வாசிக்க முடியாதவர்களாகிவிட்டோம்.

அந்த ஆலிம் மூன்று நாட்கள் எம்முடன் அமர்ந்து வாசித்தார். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். பிள்ளைகள் பிறந்த நாட்கள், நிக்காஹ் நடந்த நாட்கள், மஹர் எவ்வளவு, யார் வலி, யார் சாட்சி, யாருக்கு எவ்வளவு கடன், எந்தப் பனை யாருக்கு. ஹிஜ்ரி 1384 ஷஃபான் மாதத்தில், கடல் ஊருக்குள் வந்தது, தோணி போய்விட்டது, வீட்டார் அனைவரும் நலம் என்ற கருத்தில் ஒரு குறிப்பு. அதுதான் 1964 டிசம்பர்ப் புயல். என் உம்மாவின் கடைசித் தம்பி புயல் ஆண்டில் கைக்குழந்தையாக இருந்தார் என்று உம்மும்மா சொல்வதுண்டு. அவருடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் வேறு ஆண்டு இருந்தது. பாடசாலையிற் சேர்ப்பதற்காக யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான நாள் பாட்டனாரின் புத்தகத்தில் இருந்தது.

எழுதாமற் போன ஒரு வரி

எழுதிவைக்காததனால் வந்த துன்பம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்ட இரு வீட்டாரின் சம்மதத்துடன், பெயர்களைத் தவிர்த்துச் சொல்கின்றேன்.

என் ராத்தாவுக்கு 1990 ஆகஸ்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கற்பிட்டிக்கு வந்து கிடுகுக் கொட்டிலில் இருந்த முதல் வாரங்களில் ராத்தா கடும் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தார். குழந்தை பாலுக்கு அழுதது. பால்மாவு வாங்க வழியில்லை. அயற்கொட்டில்களில் கைக்குழந்தையோடு இருந்த தாய்மார் சிலர் மாறி மாறி அவனுக்குப் பாலூட்டினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அவர்கள் யார் யார் என்று அப்போது எவரும் குறித்துக்கொள்ளவில்லை. யாரிடமும் தாளும் பேனாவும் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அந்த நினைப்பு வந்திருக்காது. பின்னர் முகாம்கள் பிரிந்தன. குடும்பங்கள் வெவ்வேறு இடங்களில் குடியமர்ந்தன.

2015இல் அந்தப் பிள்ளைக்குப் பெண் பார்த்தோம். நல்ல குடும்பம், தீவின் மற்றோர் ஊரைச் சேர்ந்தவர்கள். பெண் 1994இல் பிறந்தவள். இரு பிள்ளைகளுக்கும் மனம் பொருந்தியிருந்தது. நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று. அழைப்புச் சொல்வதற்காக எங்கள் பெரியும்மா ஒருவரிடம் போனபோது அவர் பெண்ணின் உம்மாவுடைய பெயரைக் கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்தப் பிள்ளையும் இவனுக்குப் பால் கொடுத்த மாதிரித்தானே எனக்கு நினைவு” என்றார்.

பெண்ணின் உம்மா 2004இலேயே மௌத்தாகிவிட்டார். ராத்தாவுக்கு அந்த நாட்களின் நினைவே இல்லை. கொட்டிலில் இருந்தவர்களைத் தேடிச் சென்று விசாரித்தோம். ஒருவர் ஆம் என்றார். ஒருவர் வேறு பெண் என்றார். ஒரு தாயிடம் பால் குடித்தவன் அவளுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் சகோதரனாகின்றான் என்பதை நீங்கள் அறிவீர்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு வயதுக்குள் ஐந்து முறை பாலூட்டியிருந்தால் அந்த உறவு உறுதியாகும். எத்தனை முறை என்று யார் சொல்வது? உலமாக்களிடம் சென்றோம். உறுதியில்லாத நிலையில் ஹராம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்றும், எனினும் ஐயத்துக்குரியதை விட்டுவிலகுவதே பேணுதல் என்றும் அவர்கள் விளக்கினார்கள். இரு வீட்டாரும் அமர்ந்து பேசி, அழுது, விலகிக்கொண்டார்கள்.

இருவரும் பின்னர் வேறிடங்களில் மணமுடித்து நல்வாழ்வு வாழ்கின்றனர், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அந்த ஆண்டில் அந்த இரண்டு பிள்ளைகளும் பட்ட வேதனையை நான் கண்டேன். ஒரு தாளில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் அந்தப் பேச்சே தொடங்கியிருக்காது. அல்லது அப்படி எதுவும் நடக்கவில்லை என்ற உறுதியோடு நிக்காஹ் நடந்தேறியிருக்கும். எது உண்மை என்பது இன்றுவரை எமக்குத் தெரியாது.

முகாம்களில் பாலூட்டிய தாய்மார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். பால்குடி உறவு அடுத்த தலைமுறைக்கும் செல்லும். இது கடந்தகாலத்தின் கதை என்று யாரும் எண்ண வேண்டாம்.

காணியும் வம்சமும்

இரண்டாவது, காணி. நமது பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். வடக்கு இன்னாரின் காணி, கிழக்கு இன்னாரின் வளவு, தெற்கு ஒழுங்கை என்று நாற்புற எல்லை எழுதப்பட்டிருக்கும். எல்லை என்பது மனிதர்களின் பெயர்தான். அந்த மனிதர்கள் மண்ணறைக்குச் சென்று அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அவர்களின் வாரிசு யார் என்று தெரியாவிட்டால் கையில் உறுதி இருந்தும் எல்லையைக் காட்ட முடியாது. உறுதியே இல்லாதவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்து, 2010இல் புதிய பாலமும் திறக்கப்பட்டபின், நாங்கள் எமது வளவைத் துப்புரவு செய்யப் போனோம். உடைமரமும் கள்ளியும் மூடிக் கிடந்தன. எல்லையாக நின்ற பனைகள் ஒன்றுகூட இல்லை. பாட்டனாரின் குறிப்பில், வடகிழக்கு மூலையில் அயல்வீட்டுக் கத்தோலிக்கச் சகோதரரும் தாமும் பாதிப்பாதிச் செலவிட்டுக் கிணறு வெட்டியதாக எழுதப்பட்டிருந்தது. அந்தச் சகோதரரின் மகனைத் தேடிப் பிடித்தோம். அவரும் இடம்பெயர்ந்து இந்தியாவில் அகதியாக இருந்து திரும்பியவர். அவர் எம்மோடு வந்து, மண்வெட்டியால் கொத்தி, தூர்ந்துபோன கிணற்றின் கட்டை வெளிக்காட்டினார். அங்கிருந்து அளந்து எல்லையைப் பிடித்தோம். நமது வரலாற்றை எழுதும்போது இத்தகைய அயலவர்களையும் எழுத வேண்டும். நாம் வெளியேறிய நாளில் கடற்கரைவரை வந்து அழுதவர்களும் இருந்தார்கள். அதை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

இந்நாட்டுச் சட்டத்தில், ஒருவருடைய காணியை மற்றொருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி, தனக்குரியதாகவே ஆண்டு அனுபவித்தால் ஆட்சி உரிமை கோர இடமுண்டு. யுத்தத்தால் காணிக்குச் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு நிவாரணமாக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் வழக்கிடுவதற்கு அது குறுகிய காலத்தையே அளித்தது. பத்திரங்களையும் வாரிசு விபரங்களையும் தயாராக வைத்திருந்தவர்களே இத்தகைய வாய்ப்புகளைப் பயன்படுத்த முடியும். வாப்பா மௌத்தாகி மூன்று தலைமுறையாகப் பங்கு பிரிக்கப்படாத காணிகள் நம்மிடையே உண்டு. ஃபராயிள் சட்டப்படி பங்கிடுவதற்கும் யார் யாருக்கு முன் மௌத்தானார் என்ற நாள் தெரிய வேண்டும். வம்சாவளி தெரியாமல் மார்க்கச் சட்டத்தையும் நிறைவேற்ற முடியாது. நாட்டுச் சட்டத்தையும் பயன்படுத்த முடியாது.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தவணைக் கடனை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது அது. எழுதிவைத்தல் நமக்கு மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு.

எவ்வாறு எழுதுவது?

நமக்கு எழுத்தாற்றல் இல்லையே என்று சிலர் தயங்கலாம். நமது முன்னோர்களான ஹதீஸ் கலை அறிஞர்கள் அழகான முறை ஒன்றை நமக்கு விட்டுச் சென்றுள்ளனர். செய்தி ஒருபுறம், அது யாரிடமிருந்து யார் வழியாக வந்தது என்ற ஸனது மறுபுறம். ஸனது இல்லாத செய்தியை அவர்கள் ஏற்கவில்லை. அந்த ஒழுங்கைக் குடும்பச் செய்திகளுக்கும் கடைப்பிடிப்போம். “உம்மும்மா தம் மாமியிடம் கேட்டதாக என்னிடம் 1987இல் சொன்னார்” என்று எழுதுங்கள். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் பெயருடன் எழுதுங்கள். எது சரி என்று நீங்களே தீர்ப்புச் செய்து மற்றதை அழித்துவிடாதீர்கள்.

நாள் தெரியாவிட்டால் நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேளுங்கள். புயலுக்கு முன்னா, பின்னா? கப்பல் ஓடிய காலமா, நின்ற காலமா? அது எந்த நோன்புக்கு அடுத்த மாதம்? மூத்தவர்களுக்கு ஆண்டு நினைவிராது. நோன்பும் ஹஜ்ஜும் நினைவிருக்கும். அதிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பெண்களை விட்டுவிடாதீர்கள். நமது வம்சாவளிகளில் வாப்பா, அவருடைய வாப்பா என்று ஆண்களின் பெயரே இறங்கிவருகிறது. பழைய நிக்காஹ் பதிவுகளில் வலியின் கையொப்பம் இருக்கும். மணமகளின் கையொப்பத்துக்கு இடமில்லை. ஆனால் நமது ஊர்களில் வீடு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. மருமகன் அங்கே வந்து வாழ்ந்தான். ஆகவே ஒரு வளவின் வரலாறு பெண்வழியில்தான் செல்கிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த இப்னு ஸஅத் தமது தபகாத் என்னும் பெருநூலின் இறுதிப் பாகத்தைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினார். நாம் ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டாமா?

பெருமைக்காக எழுதாதீர்கள். எல்லோருடைய பூட்டனாரும் அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கியவராக இருக்க வேண்டியதில்லை. அக்கரையிலிருந்து சங்கு குளிக்க வந்தவர் இருப்பார். இந்த மண்ணிலேயே பிறந்து கலிமாச் சொன்னவர் இருப்பார். மக்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்பதே குர்ஆனின் போதனை; அல்லாஹ்விடம் மேன்மை தக்வாவால் மட்டுமே. அதேபோல், மௌத்தானவர்களின் குறைகளையும் பழைய சண்டைகளையும் கிளறும் ஏடாகவும் இது ஆகிவிடக் கூடாது.

புத்தள வாழ்க்கையையும் எழுதுங்கள். வந்திறங்கிய இரவில் தம் பிள்ளைகளின் சோற்றைப் பகிர்ந்து தந்த கற்பிட்டி, புத்தளம் மக்களின் பெயர்கள் உங்களுக்கு நினைவிருந்தால் எழுதுங்கள். ஒரே கிணறு, ஒரே வைத்தியசாலை, ஒரே வேலை என்று பின்னர் எழுந்த உரசல்களும் நேர்மையாக எழுதப்படட்டும். பாலாவிக்கு அருகே நாகவில்லில் தம் ஊரின் பெயரையே புதிய ஊருக்கும் இட்டு எருக்கலம்பிட்டி என அழைத்தார்களே, அதுவும் வரலாறுதான். 2015இல் தலைமன்னாருக்கு மீண்டும் புகைவண்டி ஓடியபோது அதில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு அன்றிரவே புத்தளத்துக்குத் திரும்பிவந்த மூத்தவர்கள் சிலர் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். ஏன் திரும்பி வந்தீர்கள் என்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

ஜமாஅத்தின் முன் வைக்கும் வேண்டுகோள்

பரிபாலன சபையின் முன் நான்கு வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றேன்.

முதலாவது, அடுத்த வருடாந்தக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு கொப்பியில் நான்கு தலைமுறையை எழுதி முடிக்க வேண்டும். பெயர், உம்மா வாப்பா, பிறந்ததும் மௌத்தானதும், நிக்காஹ், வளவு இருந்த இடம், அயலவர், தொழில், அடங்கியிருக்கும் மையவாடி.

இரண்டாவது, 1990இலும் அதன் பின்னரும் பிறருடைய குழந்தைக்குப் பாலூட்டிய தாய்மாரிடம் பெண்கள் சென்று விசாரித்து அதனை எழுத வேண்டும். இப்பதிவு எவருடைய கைக்கும் செல்லாமல், பேஷ் இமாம் அவர்களின் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும்.

மூன்றாவது, ஒவ்வோர் ஏட்டுக்கும் மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று வீட்டில், ஒன்று வேறோர் ஊரில் உள்ள உறவினரிடம், ஒன்று, குடும்பத்தார் விரும்பினால், பள்ளிவாசலில். கைபேசியில் படம் பிடித்து வைப்பதும் நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. எல்லாப் பத்திரங்களையும் ஒரே அலுமாரியில் வைத்தவர்கள் நாம்.

நான்காவது, அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் எவரேனும் இருந்தால் விடுமுறை நாட்களில் மதரஸாப் பிள்ளைகள் பத்துப் பேருக்காவது அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பெட்டிகளின் அடியில் இன்னும் எத்தனை குறிப்புகள் துஆப் புத்தகம் என்று முத்தமிடப்பட்டுக் கிடக்கின்றனவோ!

சகோதரர்களே! 1990இல் நாற்பது வயதாயிருந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தொட்டுவிட்டார். தீவில் முழு வாழ்வு வாழ்ந்து, முழு நினைவோடு நம்மிடையே இருப்பவர்கள் மிகச் சிலரே. கடந்த ஓர் ஆண்டில் மட்டும் நமது ஜமாஅத்தில் எத்தனை ஜனாஸாத் தொழுகைகள் நடந்தன என்பதை இவ்வறிக்கையின் பின்பக்கத்தில் நீங்களே எண்ணிக்கொள்ளலாம். என் பெரியும்மாவும் சென்ற ஆண்டு மௌத்தாகிவிட்டார். அவரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டவை எனக்கே பல உள்ளன.

ஆகவே இன்றிரவு வீட்டுக்குச் சென்று, மூத்தவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, அவருடைய உம்மாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு போதும், மற்றவற்றை அவரே சொல்லத் தொடங்குவார்.

தீவில் அடங்கியிருக்கும் நம் முன்னோர்களுக்கும், வரும் வழியில் கடலிலும் முகாமிலும் உயிர்நீத்தவர்களுக்கும் அல்லாஹ் மறுமையின் மேலான சுவர்க்கத்தை வழங்குவானாக! நம் பிள்ளைகளை வேரறிந்தவர்களாகவும், அண்டை அயலாரோடு இணங்கி வாழ்பவர்களாகவும் ஆக்குவானாக! ஆமீன்.